காரில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். கோலாலம்பூரில் மருத்துவ உளவியலில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, ‘நம்ம ஆளுங்களுக்கு நாமதானே செய்யணும்’ என்று ஊருக்கே திரும்பி வந்தேன். பதினான்கு மாதங்களாக இங்கே ஒரு சேவை மையத்தில் வேலை. உளவியல் படித்தவள் என்று இங்கே நான் ஒருத்திதான். ஒரு நாளைக்கு ஏழு பேர், சில நாள் எட்டுப் பேர். பள்ளிப் பிள்ளைகள், குடியை விட முடியாத அண்ணன்மார், தாத்தா போன பிறகு தூக்கம் வராத பாட்டிமார் என்று எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. என் கேஸ்களை ஒரு மூத்த உளவியலாளரிடம் பேசிப் பார்க்கும் சூப்பர்விஷன் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். ‘மாஸ்டர்ஸ் முடிச்சிட்டீங்க, லைசென்ஸ் இருக்கு, இன்னும் எதுக்கு உங்களுக்கு டீச்சர்?’ என்று சிரித்தார். சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். கோலாலம்பூரில் என் தோழிகள் வேலை செய்யும் இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம். போய்விடலாமா? எனக்கு இந்த வேலைக்கு மனத்திடம் போதவில்லையோ? இன்னொன்று. பக்கத்து வீட்டு அக்கா அடுத்த வியாழக்கிழமை என்னைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறார். சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர். எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

– பெயர் வேண்டாம், தென் செபராங் பிறை

பதில்:

மனத்திடம் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் சுமந்துகொண்டு மீதியைப் படிப்பது கஷ்டம். மனத்திடம் இல்லாதவர் இந்த நிலைமையில் பதினான்கு மாதம் இருந்திருக்க மாட்டார். ஒரு நாளைக்கு ஏழு பேரின் கதையைக் கேட்கிறீர்கள். அதில் ஒன்றைக்கூட இதே தொழிலில் இருக்கும் இன்னொருவரிடம் வாய்விட்டுப் பேச வழியில்லாமல் வீடு திரும்புகிறீர்கள். பேசாத அந்தப் பேச்சுதான் உங்களோடு காரில் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடம் இந்த வேலை பார்த்த என்னை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தாலும் நானும் காரை விட்டு இறங்க மாட்டேன்.

போகலாமா என்றால், இப்போது முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். ஒழுங்கான சூப்பர்விஷன் ஆறு மாதம் கிடைக்கட்டும், அப்புறம் முடிவு செய்யுங்கள். இன்றைக்கே கிளம்பினால், ஊர் பிடிக்காமல் போகிறீர்களா, தனியாகக் கிடந்தது பிடிக்காமல் போகிறீர்களா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கோலாலம்பூரில் சூப்பர்விஷன் தானாகக் கிடைத்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். அங்கேயும் கேட்டு வாங்க வேண்டியதுதான், நேர்காணலிலேயே கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும் போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள். ‘நம்ம ஆளுங்க’ செந்தூலிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கெடாவில் ஒரு சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். உங்களைப் போலவே நான் ஒருத்திதான். அடுத்து வந்த தைப்பூசத்துக்கு லீவு போட்டுவிட்டு பினாங்குக்கு வந்தேன். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் சொந்தக்காரர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசுபிசு. கூட்டத்தில் ஒரு பெண் கையை நீட்டினாள். இரண்டு மாதமாக என்னிடம் வந்துகொண்டிருந்தவள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அவள் மாமியார், ‘உங்களுக்கு இவளை எப்படித் தெரியும்?’ என்றார். வாயில் வந்தது ஒரே வார்த்தை: ‘கிளினிக்ல.’ அந்தப் பெண் தம்ளரை வாங்காமலே நகர்ந்து போய்விட்டாள்.

இதை எட்டு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் திரும்பவும் வந்தாள். இருவரும் எதுவும் நடக்காதது போலவே பேசினோம். பிறகு ஈப்போவில் ஒரு மூத்தவர், சனிக்கிழமைகளில் தொலைபேசியில் என் கேஸ்களைக் கேட்க ஒப்புக்கொண்டார். அப்போது கார்டு போன் காலம். கார்டில் வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும். நான் ரகசியக் காப்பு, தொழில் நெறி என்று பாடப் புத்தகத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: ‘இதை அந்தப் பெண்ணிடம் பேசினாயா?’

அடுத்த செஷனில் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். ‘அத்தை அன்னைக்கே கேட்டாங்க. பல்லு கிளினிக்னு சொல்லிட்டேன்’ என்றாள். எட்டு மாதம் நான் தூங்காமல் சுமந்ததை அவள் அன்று சாயங்காலமே சமாளித்திருக்கிறாள்! ஆனால் அதற்கு அடுத்தபடியாக அவள் சொன்னதுதான் எனக்கு வலித்தது. ‘நீங்க அதைப் பத்திப் பேசவே இல்ல. அதனால நானும் பாதியை உங்ககிட்ட சொல்லல.’

ஒரே ஒரு கேள்வி கேட்க ஆள் இருந்திருந்தால் அவளுடைய எட்டு மாதம் வீணாகியிருக்காது. சூப்பர்விஷன் எதற்கு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மேலாளர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த சூப்பர்வைசர் தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் இருப்பவர்: வேலை நடக்கிறதா என்று பார்ப்பவர், எம்சிக்கு, அதாவது மருத்துவ விடுப்புக்கு, கையெழுத்துப் போடுபவர். அந்த வேலையை அவரே பார்க்கட்டும். கேஸைக் கேட்பவர் வேறு ஆளாக இருப்பதே நல்லது. உங்கள் சம்பள உயர்வை எழுதுகிறவரிடம் போய், ‘நேற்று அந்தப் பையன் அழுதபோது எனக்குப் பாவமாக இல்லை, எரிச்சல்தான் வந்தது’ என்று சொல்வீர்களா? சூப்பர்விஷனில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பிரிஜிட் ப்ராக்டர் என்பவர் 1980களில் இந்த வேலையை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: தொழிலைக் கற்றுத் தருவது, நெறி தவறாமல் பார்த்துக்கொள்வது, ஆளைத் தேற்றி நிறுத்துவது. உங்களுக்கு இப்போது மூன்றாவதுதான் அவசரம். முதல் இரண்டும் இல்லாமல் அது மட்டும் தனியாகக் கிடைக்காது. தோழிகள் ஆறுதல் சொல்வார்கள், ஆனால் ‘அந்தப் பெண்ணிடம் பேசினாயா’ என்று கேட்க மாட்டார்கள்.

‘லைசென்ஸ் இருக்கே’ என்கிறார் அல்லவா, அதற்கும் பதில் இருக்கிறது. 2016-இல் இயற்றப்பட்ட அக்தா 774, அதாவது துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 1-ஆம் தேதி. அதன்படி மருத்துவ உளவியலாளர்கள் அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள மன்றத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழ் வாங்க வேண்டும். நீங்கள் தொழில் செய்யத் தகுதியானவர் என்பதைத்தான் அந்தக் காகிதம் சொல்கிறது, துணையில்லாமல் செய்யலாம் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. அப்புறம், மையத்தின் பலகையில் உங்களைக் ‘கவுன்சிலர்’ என்று போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பெயர் 1998-ஆம் ஆண்டின் அக்தா 580-இன்கீழ் பதிவு பெற்றவர்களுக்கு உரியது. ஊர்க்காரர்கள் ‘டாக்டர்’ என்று கூப்பிடுவதை மட்டும் உங்களால் நிறுத்த முடியாது. நானும் முப்பது வருடமாக முயற்சி செய்து தோற்றுவிட்டேன்.

சரி, மேலாளரிடம் வாயால் கேட்டாயிற்று, அவர் சிரித்துவிட்டார். இப்போது ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே. கட்டணம் மையத்தின் செலவு. ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் நோட்ஸ் எழுதவும் தண்ணீர் குடிக்கவும் இருபது நிமிடம். ஐந்து என்பது என் அனுபவக் கணக்கு. புதிதாக வந்தவர்கள் ஐந்துக்கு மேல் போனால் ஆறாவது ஆளின் முகம் மறுநாள் நினைவில் இருப்பதில்லை, பார்த்திருக்கிறேன். நியாயம் பேசி அவரை மடக்கப் பார்க்காதீர்கள். அவருக்குப் புரிவது ஆள் பற்றாக்குறை. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலி எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள்.

அவர் பணம் தர முடியாது என்றாலும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளர்களில் மிகவும் கண்டிப்பானவரிடம் முதலில் கேளுங்கள். மலேசிய மருத்துவ உளவியல் சங்கத்தில் விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூத்தவர்களைக் கேளுங்கள். சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கென்று என்னைப் போன்ற சிலர் மாதத்தில் சில மணி நேரத்தைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை, வீடியோ போதும். ஆனால் காரில் உட்கார்ந்து, பசார் மாலாம் (இரவுச் சந்தை) சத்தத்துக்கு நடுவில் வேண்டாம். கதவைச் சாத்திய அறை, காதில் இயர்ஃபோன், மேசையில் நோட்டு. பெயர் சொல்லாதீர்கள், முதல் எழுத்துகூட வேண்டாம். ‘மூன்றாம் லயத்து ம.’ என்றால் உங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் கேஸ் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன கொண்டுபோவது? நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பிறந்தது முதல் இன்றுவரை முழுக் கதையையும் ஐம்பது நிமிடம் ஒப்பித்துவிட்டு, ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் சூப்பர்வைசரால் தலையைத்தான் ஆட்ட முடியும். நீங்கள் ஒரு நிமிடத்தைக் கொண்டுபோங்கள், நீங்கள் மாட்டிக்கொண்ட நிமிடத்தை. பதினாறு வயதுப் பையன், ‘அப்பா அன்னைக்கு…’ என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். நீங்கள் என்ன செய்தீர்கள்? பதறிப்போய் வரிசையாக மூன்று கேள்வி கேட்டீர்கள். அவன் வாயே திறக்கவில்லை. அந்த நிமிடம் போதும், ஒரு மணி நேரம் பேசலாம். ஸ்டோல்டன்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், தொழிலுக்குப் புதியவர்கள் படிப்படியாக எப்படி மாறுகிறார்கள் என்று 1981-இல் எழுதினார். ஆரம்பத்தில் நம் கவனம் எதிரில் இருப்பவர்மேல் இருக்காது, நம்மேல்தான் இருக்கும்: அடுத்து என்ன கேட்பது, நான் சரியாகச் செய்கிறேனா. பதினான்கு மாதத்தில் அது கொஞ்சம் கலைந்திருக்க வேண்டும். தனியாகவே இருந்தால் கலையாமல் அப்படியே இறுகிப்போகும்.

இனி மொழி. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தது ஆங்கிலத்தில். மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுவது மலாயில். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அழுவது தமிழில். தோட்டத்தில் பிறந்ததால் தமிழ் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைப்பீர்கள். வீட்டில் பேசும் தமிழ் இருக்கிறது, ஆனால் தொழிலுக்கான தமிழை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், ஐம்பது தாண்டிய ஓர் அம்மாவிடம் மனச்சோர்வு வினாத்தாளை, அந்த ஒன்பது கேள்விகளை, அச்சில் இருந்தபடியே படித்தாள். ‘கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?’ அந்த அம்மா, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா’ என்றார். இவளும் பூஜ்யம் போட்டாள். போகும்போது சும்மா பேச்சுக்கு, ‘பொழுதெல்லாம் எப்படிம்மா போகுது?’ என்றாள். ‘எங்க போகுது? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு.’

‘மனச்சோர்வு’ நமக்குத்தான் சொல், அவருக்கு அது ரேடியோ செய்தி. அவரிடம் இருப்பது கல், பாரம், நெஞ்சடைப்பு, ‘ஒரு மாதிரியா இருக்கு’, ‘சோறு எறங்கல’. வினாத்தாளின் வாசகத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். அதனால் அச்சில் உள்ளபடி ஒரு முறை கேளுங்கள், மதிப்பெண் போடுங்கள். பிறகு ஊர்த் தமிழில் கேளுங்கள், வந்த பதிலை வந்த வார்த்தையிலேயே தனியாக எழுதி வையுங்கள். அந்தப் பெண் தன் நோட்ஸில் ‘மனநிலை தாழ்வு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கல் காணாமல் போயிருந்தது. நான் கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த முறை அவள் போய்க் கேட்டது, ‘யார் இருந்தப்போ பொழுது நகர்ந்தது?’ என்று. அந்த அம்மாவின் மூத்த மகன் சிங்கப்பூர் போய் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதற்கு உங்கள் சூப்பர்வைசர் தமிழ் தெரியாதவராக இருந்தால் என்ன செய்வது? பரவாயில்லை, நல்லவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல்லை அப்படியே சொல்லி விளக்குங்கள். கூடவே உங்களைப் போன்றவர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலிமில் ஒருவர், சுங்கைப்பட்டாணியில் ஒருவர், தைப்பிங்கில் ஒருவர் கட்டாயம் உங்களைப் போலவே காரில் உட்கார்ந்திருப்பார். பதிவு பெற்ற கவுன்சிலர்களையும் சேருங்கள், அவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள். மாதம் இரண்டு முறை, முறை வைத்து ஒருவர் ஒரு கேஸ். முதல் பத்து நிமிடம் புலம்பலாம், அதற்குமேல் கூடாது. நான் பார்த்த இப்படிப்பட்ட குழுக்களில் பாதி புலம்பலிலேயே கரைந்துபோனவை. இது சூப்பர்விஷனுக்குப் பதில் ஆகாது. ஆனால் பிப்ரவரியில் உங்கள் அத்தை மகளை கூலிம்காரரிடம் அனுப்பலாம், மார்ச்சில் அவருடைய மச்சானை நீங்கள் பார்க்கலாம். அந்த ஒரு வசதிக்காகவே குழு வைக்கலாம்.

சின்ன ஊரில் தெரிந்தவர்களைப் பார்க்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் கடையை மூட வேண்டியதுதான். யாரைப் பார்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள்: குடும்பம், வீட்டுக்குள் வந்து போகிறவர்கள், உங்களுக்குச் சம்பளம் தருகிறவர்கள். மற்றவர்களோடு முதல் செஷனிலேயே பேசிவிடுங்கள். ‘வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசினா நானும் பேசுவேன். எப்படித் தெரியும்னு யாராவது கேட்டா என்ன சொல்லலாம்னு இப்பவே நீங்களே சொல்லுங்க.’ இந்த மூன்று வாக்கியம் எனக்கு 1996-இல் தெரிந்திருந்தால் ரோஸ் சிரப் வீணாகியிருக்காது. தீபாவளிக்கு முறுக்கு டின் வரும். வாங்கி மையத்தின் மேசையில் வைத்து எல்லாருக்கும் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் சூப்பர்விஷனில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சாமி பார்ப்பவரிடமும் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் போட்டிக்கு நிற்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா என்று மட்டும் கேளுங்கள்.

ஆபத்தான கேஸ்கள் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஏழு பேரில் வாரத்துக்கு ஒருவராவது வாழ்க்கையே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அந்த நாட்களில்தான் கார் அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிறது என்று ஊகிக்கிறேன். இதில் நீங்கள் தனியாக முடிவெடுக்கும் நிலை ஒரு நாளும் வரக் கூடாது. எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு, யார் வண்டி ஓட்டுவது, மேலாளர் விடுப்பில் இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு தாளில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளும் தோட்டத்துப் பூச்சி மருந்துகளும் யார் பொறுப்பில் பூட்டியிருக்கின்றன என்று குடும்பத்திடம் நேராகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இன்னொன்றும் சொல்லுங்கள், பழைய தலைமுறைக்கு இது இன்னும் தெரியாது: தற்கொலை முயற்சி இப்போது குற்றமில்லை. தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதுவரை ஓராண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருந்தது. போலீஸ் வரும் என்று பயந்துதான் எத்தனையோ குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே பொத்தி வைத்தன. இரவில் நீங்கள் போன் எடுக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் சேவை 15555-ஐயும், மனம் உடைந்தவர்களோடு பேசும் தொண்டு அமைப்பான பெஃப்ரெண்டர்ஸின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தால், கொடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், மையத்தின் பெயரில் வேறு சிம் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கொஞ்சம் மேலாளர்களுக்கு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

ஐயா, 2023 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. 2019-இல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்று கேலி பேசியே ஒரு தலைமுறை வளர்ந்த சமூகம் நாம். 1911-இல் கட்டிய மனநல மருத்துவமனை இருக்கும் அந்த ஊரின் பெயரே நமக்கு வசைச்சொல்லாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மையத்தின் கதவை ஒரு நாளைக்கு ஏழு பேர் தட்டுகிறார்கள் என்றால் அது அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதால். சின்ன ஊர்களில் சுகாதார ஊழியர்களை நிறுத்தி வைப்பது எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வழிகாட்டி வெளியிட்டு 2021-இல் புதுப்பித்தது. அந்தப் பக்கத்திலேயே பிறந்தவர்களைப் படிக்க வையுங்கள், படிக்கும்போதே அங்கே பயிற்சி கொடுங்கள், வேலைக்கு வந்த பிறகு தொழில் துணை கொடுங்கள் என்பது அதன் சாரம். முதலாவது உங்களுக்கு இலவசமாகவே கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடப் படிப்போடு பதிவுக்கு வருகிறவர் இன்னொரு வருடம் மூத்தவரின் கண்காணிப்பில் வேலை பார்த்தால்தான் முழுப் பதிவு பெற முடியும். மாஸ்டர்ஸ் முடித்தவர்கள்கூட, மருத்துவ உளவியலாளர் என்று தனி அங்கீகாரம் வேண்டுமானால், மேலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அங்கே அதை மேலாளரின் நல்ல மனதுக்கு விட்டுவைக்கவில்லை. இங்கே உங்கள் நல்ல மனதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மாதம் இரண்டு மணி நேரம் ஐயா, அவ்வளவுதான்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன். அம்மா ஜன்னலில் நிற்கிறாரே, அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: ‘யாரைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன்மா. கஷ்டமான நாள்னா மட்டும் சொல்றேன், நீங்க ஒரு டீ போட்டுக் கொடுங்க.’ அதற்குமேல் அவரிடம் எதையும் இறக்கி வைக்காதீர்கள்.

வியாழக்கிழமை விஷயம். அக்காவுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நேரம் வாங்கவே அவருக்கு எத்தனை நாள் ஆனதோ. அவர் வரட்டும், அரை மணி நேரம் கொடுங்கள். உட்கார்ந்ததும், அவர் கதையைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: ‘அக்கா, நீங்க என்னைத் தூக்கி வளர்த்தவங்க. அதனால நான் உங்களுக்குச் சரியான ஆள் இல்ல. நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கு உங்க மேல உள்ள பாசம் குறுக்க வரும், நாளைக்கு எங்க வீட்டு வாசல்ல நீங்க என்னைப் பார்க்கக் கூச்சப்படுவீங்க. உங்களுக்கு நல்ல ஆளைப் பிடிச்சுக் கொடுக்கறதுதான் இன்னைக்கு என் வேலை.’ பிறகு மூன்றே கேளுங்கள்: தூக்கம், சாப்பாடு, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு. மூன்றாவதற்கு ஆம் என்றால் சுவரில் ஒட்டிய தாள். இல்லை என்றால், கூலிம்காரரின் எண், அல்லது ஒரு வெள்ளி கொடுத்துப் பார்க்கிற அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு உங்கள் கைப்பட ஒரு கடிதம். அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். எங்கே போகிறார் என்பது அவர் முடிவு. போனாரா என்று வேலிப் பக்கம் நின்று விசாரிக்காதீர்கள்.

அக்கா கோபித்துக்கொள்ளலாம். ‘உன்னை இடுப்புல சுமந்தேன், எனக்கா இப்படி’ என்று எழுந்து போகலாம். போனால் உங்களுக்கு அழுகை வரும். அந்த நிமிடத்தை எழுதி வையுங்கள். முதல் சூப்பர்விஷனுக்கு அதைத்தான் கொண்டுபோக வேண்டும்.